கடுகு பொரியாத வீடு

தொண்டாமுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தை ஒட்டிய தோட்டத்தில் குடியிருந்த மருதாசலத்துக்குத் தெரியாத வேலை கிடையாது. மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கக் கவலை ஓட்டுவான். கன்று திரும்பிக் கிடக்கிற மாட்டுக்குப் பிரசவம் பார்ப்பான். யானை இறங்கினால் தகரம் தட்டி விரட்டுவான். தெரியாதது ஒன்றே ஒன்றுதான், சோறாக்கத் தெரியாது. அதை ஒரு குறையாக அவன் நினைத்ததுமில்லை. சந்தையில் நாலு பேர் கூடினால், "எங்கூட்டு அடுப்பு கெழக்க பாத்திருக்குதா மேக்க பாத்திருக்குதான்னு கேட்டீங்கன்னா எனக்குத் தெரியாதுங்க" என்று பெருமையாகச் சொல்லுவான். கேட்கிறவர்களும் சிரிப்பார்கள். பெருமைப்பட வேறெதுவும் கிடைக்காத ஆண்பிள்ளைகள் அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் இருந்தார்கள்.

அவனுக்குத் தெரிய வேண்டிய அவசியமும் வரவில்லை. பெண்சாதி பாவாத்தாள் அன்னூர்ப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி ஏழு வருஷம், பிள்ளை இல்லை, வீட்டில் இவர்கள் இரண்டே பேர். அன்றாடம் களியும் கம்பஞ்சோறும்தான். ஒறம்பரை என்று யாராவது விருந்துக்கு வந்தாலோ, மழை பிடித்துக்கொண்டு வேலை நின்றாலோ அவள் அரிசிம்பருப்பு ஆக்குவாள். அதைவிடச் சுளுவான சோறு உலகத்தில் இல்லை என்பாள். சட்டியில் கடலையெண்ணெய் விட்டுக் கடுகைப் பொரிய விட வேண்டியது, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை, சின்ன வெங்காயம், பூண்டு என்று வரிசையாய்ப் போட்டு வதக்க வேண்டியது, மஞ்சள் போட்டு, தண்ணீர் வார்த்து, கொதி வந்ததும் கழுவி வைத்த அரிசியையும் துவரம்பருப்பையும் கொட்டி மூடிவிட வேண்டியது. குழம்பு வேண்டாம், ரசம் வேண்டாம். மேலே ஒரு கரண்டி நெய் விட்டுத் தயிரைத் தொட்டுக்கொண்டு உண்டால் போதும். கடுகு வெடிக்கிற வாசம் கிணற்றடிக்கு வரும்போதே மருதாசலம் மாட்டை அவிழ்த்துவிட்டுக் கைகால் கழுவிக்கொள்வான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம் தை மாதம், சோளத்தட்டு அறுப்பு நடந்துகொண்டிருந்தபோது, அம்மை குத்துகிற கரீம் சாயபு சைக்கிளை வரப்பில் சாத்திவிட்டு வந்தார். சர்க்கார் ஆள். தோளில் தோல் பை. கையில் மூன்று நாலு கீறல் கீறி மருந்து வைப்பார். அதற்கப்புறம் இரண்டு மூன்று நாளைக்குக் காய்ச்சலடிக்கும், கை வீங்கித் தூக்க முடியாது. பாவாத்தாளுக்கு அந்த ஊசியின்மேல் பயமில்லை. அன்னூரில் அவள் அக்கா பிள்ளைகளுக்குக் குத்தியிருந்தார்கள். "அவரு நம்ம பக்கம் வந்தாருன்னா சொல்லுங்க, நானும் குத்திக்கறேன்" என்று இரண்டு தரம் சொல்லியும் வைத்திருந்தாள்.

சாயபு முதலில் மருதாசலத்தின் கையைத் திருப்பிப் பார்த்தார். சின்ன வயதில் குத்திய தழும்பு இருந்தது.

"உங்களுக்கு வேண்டாமுங்க கவுண்டரே. ஊட்டுல அம்மணி இருக்காங்களா?"

மருதாசலம் ஒரு கணம் யோசித்தான். அவன் நினைத்தது இவ்வளவுதான். அறுப்புக்கு ஆறு ஆள் வந்திருக்கிறது. இவள் கையைத் தூக்க முடியாமல் மூன்று நாள் படுத்துக்கொண்டால் ஆறு ஆளுக்கும் தனக்கும் யார் ஆக்கிப்போடுவது?

"அவ அன்னூருக்குப் போயிருக்கறாளுங்க. அம்மா ஊட்டுக்கு."

அப்போது கிணற்றடியில் துணி துவைக்கிற சத்தம் தொப்புத் தொப்பென்று கேட்டுக்கொண்டிருந்தது. சாயபு அந்தப் பக்கம் தலையைத் திருப்பினார்.

"அது அறுப்புக்கு வந்த ஆளுங்க" என்றான் மருதாசலம்.

"சரிங்க. வந்தாங்கன்னா சாவடிப் பக்கம் அனுப்பி வைங்க. நா நாளை மறுநாள் வரைக்கும் இருப்பேன்" என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

மருதாசலம் அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டான். நாலு நாள் கழித்து, "அம்மை குத்தறவரு வந்துட்டுப் போயிட்டாராமுங்களே?" என்று பாவாத்தாள் கேட்டபோது, "வந்திருப்பாரு. நம்ம தோட்டத்துக்கு வரலியே" என்றான். அத்தோடு அதை மறந்தும் போனான். பெண்சாதியிடம் சொல்கிற பொய்யில் பாதிக்கு மேல் சோம்பேறித்தனத்துக்காகச் சொல்வதுதான், அதை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்?

மாசிக் கடைசியில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் முகத்தில் முத்துப் போட்டது. ஐந்தாம் நாள் உள்ளங்காலில்கூட இடமில்லை.

அடுத்த தோட்டத்துக் காளியாத்தாள் அவனுக்கு அக்கா முறை. அவள் வாசலுக்கு வெளியிலேயே நின்று வேப்பிலைக் கொத்தை நீட்டினாள். வீட்டில் நாலு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவள் உள்ளே வர முடியாது.

"ஆத்தா வந்திருக்கறா சாமி. பயப்படாத, வந்தவ எறங்கிப் போயிருவா. ஆனா ஊடு சுத்தமா இருக்கோணும். தலை சீவப்படாது, எண்ணெச்சட்டி வெக்கப்படாது. என்ன ஆனாலும் தாளிக்கமட்டும் படாது. கடுகு வெடிக்கற சத்தம் அவளுக்கு ஆகாது, கோவிச்சுக்குவா. எங்கூட்டுல கொழம்பு தாளிக்காம இருக்காது, அதனால நா ஒரு வாயி சோறு கூடக் கொண்டாந்து குடுக்க முடியாது. நீதான் பாத்துக்கோணும்."

"எனக்கு என்னக்கா தெரியும்?" என்றான் மருதாசலம். சந்தையில் சொன்ன அதே வார்த்தைதான். இந்தத் தடவை சிரிக்க ஆளில்லை.

இளநீர் சீவத் தெரிந்தது, கொடுத்தான். மோர் கொடுத்தான். கூழ் காய்ச்சினான், கட்டி தட்டிப் போயிற்று. அவள் வாயிலும் தொண்டையிலும் புண். கூழை ஒதுக்கிவிட்டாள். ஆறாம் நாள், ஏழாம் நாள், இளநீரும் இறங்கவில்லை. பாயில் வேப்பிலையைப் பரப்பிப் போட்டு, ஒரு கொத்தால் மெல்ல வருடிக் கொடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஒரு மூட்டையை முதுகில் தூக்கிப் போகிற உடம்பு அவனுக்கு. அந்தப் பலமெல்லாம் அந்த அறைக்குள் ஒரு காசுக்கு உதவவில்லை. கண்ணெதிரே பெண்சாதி கரைந்துகொண்டிருந்தாள், அவன் பார்த்துக்கொண்டிருந்தான். சாப்பிடாமல் இன்னும் இரண்டு நாள் போனால் இவள் போய்விடுவாள் என்று அவனுக்குப் பட்டது.

"என்ன வேணும் சொல்லு அம்மணி. எதுன்னாலும் செஞ்சுபோடறேன்."

அவள் மெல்லச் சொன்னாள். "அரிசிம்பருப்பு ஒரு வாயி உங்கலாம் போல இருக்குதுங்க."

"எப்படி ஆக்கறது?"

"ஆத்தா இருக்கறா. தாளிக்காத ஆக்குங்க. நா சொல்லறேன்."

அவள் படுத்தபடி சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். குரல் எழும்பவில்லை, அவன் ஒவ்வொரு தடவையும் வாசற்படிக்கு வந்து காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டு திரும்பிப் போனான். அடுப்பு வடக்கே பார்த்திருந்தது. ஏழு வருஷத்தில் அன்றைக்குத்தான் கவனித்தான். எருமுட்டையைத் திணித்து ஊதி ஊதிக் கண் சிவந்துபோயிற்று. அரிசி ஒரு ஆழாக்கு, பருப்பு அதில் கால் பங்கு என்றாள். பருப்பு எது என்று அஞ்சறைப் பெட்டியிலும் பானைகளிலும் தேடினான். தண்ணீர் எவ்வளவு என்று கேட்டதற்கு, அரிசிக்கு மேலே விரலில் ரெண்டு கணு என்றாள். அவன் விரல் அவள் விரலைப்போல் ஒன்றரை மடங்கு. வெங்காயத்தை உரித்தபோது அழுகை வந்தது, வெங்காயத்துக்கும் சேர்த்து அழுது தீர்த்தான்.

வெந்து இறங்கியது கஞ்சிக்கும் சோற்றுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. உப்புப் போட மறந்து மேலே தூவியிருந்தான். வட்டலில் போட்டு ஆற்றி, ஒரு வாய் ஊட்டினான். அவள் நாக்கில் வைத்துக்கொண்டே கிடந்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மணமே இல்லீங்க" என்றாள். குழந்தை சிணுங்குகிற மாதிரி இருந்தது. "கடுகு வாசம் துளி இருந்தா உங்கிருவேன்."

இதை அவள் கேட்டாளா, காய்ச்சல் கேட்டதா என்று தெரியாது. மருதாசலம் வட்டலைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தான். உச்சி வெயில். வாசலில் செருகிய வேப்பிலை வாடித் தொங்கிக்கொண்டிருந்தது. மேற்கே மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். "ஒரு கரண்டிதான் ஆத்தா. ஊட்டுக்குள்ள இல்ல, வெளிய. அவ ஒரு வாயி உங்கட்டும். கோவம்னா என்னையப் பாத்துக்கோ" என்றான்.

மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் மூன்று கல்லைக் கூட்டித் தீ மூட்டினான். இரும்புக் கரண்டியில் எண்ணெய், அது புகைகிற வரைக்கும் விட்டுவிட்டான், தெரியாதல்லவா. கடுகைப் போட்டதும் படபடவென்று வெடித்து ஒரு கடுகு அவன் கன்னத்தில் தெறித்தது. அவன் அசையவில்லை. கறிவேப்பிலையும் மிளகாயும் போட்டு, கரண்டியின்மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு திருடனைப்போல வீட்டுக்குள் ஓடினான். சோற்றில் கொட்டிக் கிளறினான்.

பாவாத்தாள் மூக்கை உறிஞ்சினாள். வீங்கிப்போன அந்த முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. ஐந்து வாய் வாங்கிக்கொண்டாள். ஆறாவது வாய்க்கு வாயைத் திறக்காமல் தூங்கிப்போனாள். மிச்சத்தை அவன் வழித்துச் சாப்பிட்டான். குழைந்து, அடிப்பிடித்து, உப்பு ஒரு பக்கம் கரித்தது. அப்படிப்பட்ட சோறு அவன் வாழ்நாளில் தின்றதில்லை. பிழைத்துக்கொள்வாள் என்று நம்பினான். அந்த ஒரு நாள்தான் அவன் சந்தோஷமாக இருந்தான் என்று சொல்ல வேண்டும்.

அதற்கு மூன்றாம் நாள் காலையில் அவள் இடது கண் ரத்தமாய்ச் சிவந்திருந்தது. மறுநாள் வலது கண். முத்து கண்ணுக்குள்ளும் இறங்கிவிட்டது.

காளியாத்தாள் வாசலில் நின்று கேட்டாள். "ஊட்டுல ஆராச்சும் தாளிச்சீங்களா? தாளிச்ச ஊட்டுலதான் கண்ணுல தெறிக்கும்னு எங்கம்மா சொல்லுவா."

"இல்லக்கா" என்றான் மருதாசலம். கன்னத்தில் கடுகு தெறித்த இடத்தைத் துண்டால் மறைத்துக்கொண்டான். உள்ளே பாவாத்தாளுக்கும் அது கேட்டிருக்கும்.

அம்மை இறங்கியது. வேப்பிலை போட்டு மூன்று முறை தலைக்குத் தண்ணீர் வார்த்தார்கள். உயிர் நின்றது, பார்வை போய்விட்டது. இரண்டு கண்ணிலும் வெள்ளையாகப் பூ விழுந்திருந்தது. வண்டி கட்டிக்கொண்டு கோயமுத்தூருக்குப் போய்க் கண் டாக்டரிடம் காட்டினான். அவர் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, அழைத்துக்கொண்டு போகச் சொன்னார். மாரியம்மன் கோயிலுக்கு வெள்ளியில் கண்மலர் செய்து போட்டான். வருஷா வருஷம் போட்டான். உண்டியலில் அது விழுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பி வருவான், வேறு என்ன செய்வது?

பாவாத்தாள் லேசுப்பட்டவள் இல்லை. ஆறு மாதத்தில் தடவித் தடவிக் கிணற்றடிக்குப் போக ஆரம்பித்தாள். ஒரு வருஷத்தில் அடுப்பைத் திரும்பப் பிடித்துக்கொண்டாள். மருதாசலம் அதற்குள் களி கிண்டக் கற்றுக்கொண்டிருந்தான். "நகருங்க, உங்க களியத் தின்னு பல்லுப் போச்சு" என்று அவனைத் தள்ளிவிட்டாள். தண்ணீர் கொதிப்பதைச் சத்தத்தில் கண்டுபிடித்தாள், வேக்காட்டை மணத்தில் கண்டுபிடித்தாள். எல்லாம் முன்னைப்போலவே செய்தாள், ஒன்றைத் தவிர. தாளிக்கவில்லை.

ரசத்துக்கும் தாளிப்பில்லை, கீரைக்கும் இல்லை. ஒறம்பரை வந்து அரிசிம்பருப்பு ஆக்கினாலும் எல்லாவற்றையும் பச்சையாய்ப் போட்டு வேகவைத்து இறக்கினாள். வந்தவர்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டு மோர் ஊற்றிச் சாப்பிட்டார்கள். எண்ணெய் தெறிக்குமே என்று பயப்படுகிறாள், பாவம், என்று வெளியே போய்ப் பேசிக்கொண்டார்கள். மருதாசலத்துக்கு வேறு மாதிரிப் பட்டது. அவள் வாய் திறந்து ஒரு வார்த்தை அவனைச் சொன்னதில்லை. ஆனால் வட்டலில் விழுகிற ஒவ்வொரு அகப்பையும், நீ தாளித்தாய், என் கண் போயிற்று என்று சொல்வதாகவே அவனுக்கு இருந்தது. பேசாமல் உண்பான். உப்பு சரியா இருக்குதுங்களா என்று கேட்பாள், சரியா இருக்குது என்பான். நாலு வருஷம் இப்படிப் போயிற்று. கேட்டுவிடலாம் என்று எத்தனையோ தரம் வாயெடுத்தான். கேட்டு, அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

முப்பத்தேழாம் வருஷம், அதே தை மாதம், கரீம் சாயபு வந்தார். தாடி நரைத்திருந்தது. மருதாசலம் வரப்பில் உட்கார்ந்திருந்தான். கிணற்றடியில் பாவாத்தாள் துவைத்துக்கொண்டிருந்தாள்.

"கவுண்டரே, சௌக்கியமுங்களா? அன்னைக்கு அம்மணி அன்னூரு போயிருக்காங்கன்னு சொன்னீங்க. அப்பறம் எங்கியாச்சும் குத்திக்கிட்டாங்களா?"

மருதாசலத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் பையை இறக்கி வைத்து உட்கார்ந்தார். அவர் என்ன கேட்டார் என்பதுகூட அவன் காதில் சரியாக விழவில்லை. அஞ்சு வருஷமாக அடைத்து வைத்திருந்தது, யாரோ ஒரு வேற்றாள் பக்கத்தில் உட்கார்ந்ததும் உடைத்துக்கொண்டு வந்துவிட்டது. மாட்டுக்கொட்டகை, மூன்று கல், கரண்டி, ஐந்து வாய் சோறு, எல்லாவற்றையும் சொன்னான். "நா தாளிச்சுத்தானுங்க அவ கண்ணு போச்சு. இதை ஒருத்தருகிட்டச் சொன்னதில்லீங்க" என்று துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

சாயபு அவன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்க கவுண்டரே, கடுகுக்கும் கண்ணுக்கும் என்னங்க சம்பந்தம்? முப்பது வருஷமா நா இதே வேலையாத் திரியறேன். தாளிக்காத ஊட்டுலயும் கண்ணு போயிருக்குது, கறியாக்கித் தின்ன ஊட்டுல ஒண்ணும் ஆகாமயும் இருந்திருக்குது. நீங்க ஊட்டுன சோத்துலதான் அவங்க உசுரே நின்னுச்சுன்னு வெச்சுக்குங்க. மனசப் போட்டு அலட்டிக்காதீங்க."

மருதாசலம் துண்டை எடுத்தான். நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை யாரோ புரட்டித் தள்ளியதுபோல் இருந்தது. "நெசமாலுமா சொல்றீங்க?" என்றான்.

"அல்லா பேருல சொல்றேன். கடுகெல்லாம் ஒண்ணும் பண்ணாது. நாலு கீறல் போட்டிருந்தா அந்தச் சீக்கே அண்டியிருக்காது, அவ்வளவுதான்." சாயபு அவன் தோளைத் தட்டினார். "பாவம், அன்னைக்குன்னு பாத்து அம்மணி ஊருக்குப் போயிருந்தாங்க. அதுக்கு ஆரு என்ன பண்ண முடியும்? உங்க மேல ஒரு குத்தமும் இல்லீங்க கவுண்டரே."

கிணற்றடியிலிருந்து துணி துவைக்கிற சத்தம் தொப்புத் தொப்பென்று வந்துகொண்டே இருந்தது. சாயபு விடைபெற்றுப் போனதும், சைக்கிள் வேலியோர இட்டேரித் தடத்தில் திரும்பி மறைந்ததும் மருதாசலத்துக்குத் தெரியாது. ஆறு ஆளுக்கு யார் ஆக்கிப்போடுவது என்று அன்றைக்குத் தான் யோசித்தது மட்டும் வார்த்தை வார்த்தையாக ஞாபகம் வந்தது. மூன்று நாள் சோறு. மூன்று நாள் சோற்றுக்காக அவன் அதைச் செய்திருந்தான்.

சொல்லிவிடுவது என்றுதான் வீட்டுக்கு நடந்தான். பாவாத்தாள் அடுப்படியில் அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். நின்றபடியே ஆரம்பித்தான்.

"அம்மணி, அம்மை குத்தற சாயபு வந்திருந்தாரு. அன்னைக்கு நா தாளிச்சதப் பத்திச் சொன்னேன். கடுகுனால கண்ணு போகலையாம். சத்தியம் பண்ணிச் சொல்றாரு."

அவள் கை அரிசிக்குள் அப்படியே நின்றது. "கடுகுனால இல்லீங்களா?"

"இல்லியாமா."

"அப்ப, நா வாயி கேட்டதுனால இல்லீங்களா?"

அவனுக்குப் புரியவில்லை.

"நாந்தானுங்களே கேட்டேன். நீங்க ஆத்தாளுக்குப் பயந்து தாளிக்காதயே ஆக்கிக் கொண்டாந்தீங்க. நாக்கு ருசிக்கு அலைஞ்சு நாந்தான் கடுகு வேணும்னேன். உங்கள அந்தப் பாவத்தச் செய்ய வெச்சுப்போட்டேனேன்னு இந்த அஞ்சு வருஷமா..." அவளால் முடிக்க முடியவில்லை. ஈரக்கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே சிரித்தாள். "இந்த வாயிக்கு இனிக் கடுகே வேண்டாம்னு இருந்தேனுங்க."

அப்போதுதான் மருதாசலத்துக்கு விளங்கியது. ஒரே வட்டலுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து இரண்டு பேரும் அஞ்சு வருஷம் உப்புச்சப்பில்லாமல் உண்டிருக்கிறார்கள், ஒருத்தர் பாரம் ஒருத்தருக்குத் தெரியாமல்.

"பின்ன எதனாலயாம்?" என்று அவள் கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். பார்வையில்லாத அந்த முகம் அவன் நின்ற பக்கம் நிமிர்ந்திருந்தது. அதில் அஞ்சு வருஷமாகக் காணாத ஒரு தெளிவு.

அவன் வாயைத் திறந்தான். கிணற்றடி, சைக்கிள், அன்னூர், எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது.

"அது அவருக்கும் தெரியலியாமா" என்றான்.

"என்னமோ போங்க. நம்ம விதி" என்று பாவாத்தாள் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள். அஞ்சறைப் பெட்டியில் விரலால் தடவிக் கடுகை எடுத்தாள். சட்டியில் எண்ணெய் விட்டு, உள்ளங்கையை மேலே காட்டிச் சூடு பார்த்துப் போட்டாள். படபடவென்று வெடித்தது. சீரகம், மிளகாய், கறிவேப்பிலை, வெங்காயம். பழைய வாசம் வீடு முழுக்க ஏறி வாசல்வரைக்கும் போயிற்று. அவள் அதை மூச்சு நிறைய இழுத்துக்கொண்டு தனக்குத் தானே சிரித்துக்கொண்டாள்.

வட்டலில் மலையாய்க் குவித்து நெய்யை விட்டு அவன் முன்னால் வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவன் ஒரு வாய் எடுத்தான். ஏழு வருஷம் அவனை மாட்டை அவிழ்த்துவிட்டு ஓடிவர வைத்த அதே ருசி, ஒரு துளி குறையவில்லை. அவன் அடுத்த வாயைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"உப்பு சரியா இருக்குதுங்களா?"

"சரியா இருக்குது அம்மணி."

"அப்படின்னா நல்லா உண்ணுங்க" என்று தடவிப் பார்த்து, இன்னொரு அகப்பை போட்டாள்.